பதினொன்றாம் எண் ஏன் காலியாக இருக்கிறது

சென்ற மாதம் ஒரு நாள் காலை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ரம்யா போன் செய்தாள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிப் பதினெட்டு வருடம் அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் கண்காணிப்பாளர். இப்போது அந்த நாற்காலியில் ரம்யா இருக்கிறாள்.

"அக்கா, ஆய்வு மாணவருங்க வெளிநாட்டு மாநாட்டுக்குப் போற விண்ணப்பத்தை எல்லாம் இனி கம்ப்யூட்டர்லயே வாங்கப் போறோமுங்க. என்னென்ன காயிதம் வேணும்னு நீங்க வெச்சுட்டுப் போன லிஸ்ட்டத்தான் அப்படியே ஏத்தறாங்க. பத்து இருக்குது, பன்னண்டு இருக்குது. பதினொண்ணு மட்டும் வெறுமனே கெடக்குது. ஏனுங்கக்கா?"

"அது அப்படியே இருக்கட்டும் சாமி" என்றேன்.

"சாஃப்ட்வேர்காரரு காலியா உட முடியாதுங்கறாரு. பெற்றோர் சம்மதக் கடிதம்னு போட்டுக்கலாம், எல்லா ஃபார்ம்லயும் இருக்கறதுதானேங்கறாரு. போட்டுரட்டுங்களா?"

கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டேன். "போட்டுடாதே. ரெண்டு நாள் பொறு. ஏன்னு எழுதி அனுப்பறேன்" என்று சொல்லி வைத்தேன். ரெண்டு நாள் என்றது ஒரு வாரமாகிவிட்டது. அலுவலகக் குறிப்பு என்றால் பத்து வரியில் முடித்திருப்பேன். இது அப்படி முடிகிற விஷயமில்லை.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து திருச்செங்கோட்டில் வாழ்க்கைப்பட்டவள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு தேறியிருந்தேன் என்ற ஒரே தகுதியில் கல்லூரியில் தட்டச்சராகச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் ஆராய்ச்சிப் பிரிவு என்பது ஒரு பீரோவும் இரண்டு மேசையும்தான். பிறகு ஆய்வு மாணவர்கள் வந்தார்கள், கோப்புகள் வந்தன, பீரோ பத்தாயிற்று. என் தலையில் பாதி நரைத்தபோது கண்காணிப்பாளர் என்று பலகை வைத்தார்கள்.

வெளிநாட்டில் நடக்கிற மாநாட்டில் கட்டுரை வாசிக்க ஓர் ஆய்வு மாணவர் போகிறார் என்றால் வெளியே இருப்பவர்களுக்கு விமானம்தான் கண்ணுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிவது காகிதம். மாநாட்டுக்காரர்களின் ஏற்புக் கடிதம், கட்டுரையின் சுருக்கம், நெறியாளரின் பரிந்துரை, பாஸ்போர்ட் நகல், பயண நிதிக்கு எழுதிய விண்ணப்பம், போகிற நாட்களுக்கு விடுப்பு. இப்படி எல்லாம் சேர்ந்த பிறகு கடைசியில் கல்லூரி தருகிற தடையில்லாச் சான்று. என்.ஓ.சி. என்போம். "இவர் எங்கள் மாணவர், போய்வர எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்ற நாலு வரி. அந்த நாலு வரி இல்லாமல் விசா மையத்தில் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். அதைத் தட்டச்சு செய்யும்போது மட்டும் நான் வேறு யாரையும் விடமாட்டேன். என் விரலால் ஒரு ஆள் கடல் தாண்டுகிறார் என்ற கர்வம் எனக்கு இருந்தது. ஒளிப்பானேன்!

சிரித்த நாட்களும் உண்டு. ஆத்தூர் பக்கத்து மாணவர் ஒருவர் மரவள்ளி மாவிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாற்றாக ஒரு மெல்லிய தாள் செய்து ஆய்வு பண்ணினார். மாநாட்டில் மாதிரி காட்ட வேண்டும் என்று கால் கிலோ மாவைப் பாலித்தீன் பையில் கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டார். வெள்ளை வெளேரென்ற மாவை விமானத்தில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சேலத்து ஆளுக்கு ஜவ்வரிசி மாவைப் பார்த்து யாராவது பயப்படுவார்கள் என்று எப்படித் தோன்றும்? கடைசி நேரத்தில் கேள்விப்பட்டு, கல்லூரித் தாளில் 'இது மரவள்ளிக் கிழங்கு மாவு, உண்ணத்தக்கது' என்று ஆங்கிலத்தில் அடித்து முத்திரை வைத்துக் கொடுத்தேன். விமான நிலையத்தில் பிரித்துப் பார்த்த அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, "வடாம் போடறதா?" என்று கேட்டு அனுப்பினாராம். மனிதனுக்குக் கொடுப்பது போக மாவுக்கும் என்.ஓ.சி. கொடுத்தவள் என்று பிரிவில் என்னை ரொம்ப நாள் கேலி செய்தார்கள்.

இனி டீன் சாரைச் சொல்ல வேண்டும். தியாகராஜன் என்று பெயர், நாமக்கல் பக்கம் விவசாயக் குடும்பம். என் வேலையின் கடைசிக் காலத்தில் ஆராய்ச்சி டீனாக வந்தார். மணி அடித்து யாரையும் கூப்பிடமாட்டார். கோப்பைத் தானே எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு நடந்து வருவார். பெருக்குகிற அம்மாவிலிருந்து கல்லூரி முதல்வர் வரை எல்லோருக்கும் ஒரே 'ங்க'தான். கோப்பைக் கடைசித் தாளிலிருந்து முன்னோக்கிப் படிப்பார். முதல் தாளில் நாம் சொல்ல விரும்புவது இருக்கும், கடைசித் தாளில்தான் நடந்தது இருக்கும் என்பது அவர் எண்ணம். சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போடுவார். பதில் கிடைத்ததும் அவரே ரப்பரால் அழித்துவிடுவார். "கேள்வி ஃபைல்ல இருக்க வேண்டியதில்லீங்க, பதில் இருந்தாப் போதும்" என்பார். முதலில் எனக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் பார்த்த வேலையில் இவர் என்ன கேள்விக்குறி போடுவது என்று.

அவர் வந்து இரண்டு மாதம் இருக்கும், கோகிலாவின் விண்ணப்பம் வந்தது. பாறைப் பூமிக்கு அடியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே ஆழ்துளைக் கிணறு போட்டால் பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் ஆய்வு. அவள் அப்பா போர் போடுகிற ரிக் லாரியில் வேலை செய்கிறவர். வருடத்தில் பாதி நாள் வடநாட்டில். "எங்கப்பா ஓட்டை போடறாருங்க, நான் எங்கெங்க போடக் கூடாதுன்னு சொல்றேனுங்க" என்று சிரிப்பாள். போர்ச்சுக்கலில் நடந்த நிலத்தடி நீர் மாநாட்டில் மேடையேறிப் பேச அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பயண நிதியும் கிடைத்துவிட்டது. சென்னை விசா மையத்தில் வருகிற திங்கட்கிழமைக்குத் தேதி. அதைவிட்டால் அடுத்த தேதி மாநாடு முடிந்த பிறகுதான் இருந்தது. ஆக, வெள்ளிக்கிழமை மாலைக்குள் என்.ஓ.சி. அவள் கைக்குப் போயாக வேண்டும்.

எல்லாக் காகிதமும் இருந்தன, ஒன்றைத் தவிர. எங்கள் பட்டியலில் பதினொன்றாம் இனம்: 'பெண் ஆய்வு மாணவர் எனில், தந்தை அல்லது பாதுகாவலரின் சம்மதக் கடிதம், அசல்.'

"அப்பா சத்தீஸ்கர்ல காட்டுக்குள்ள இருக்காருங்க மேடம். டீசல் வாங்க டவுனுக்கு வாரப்பத்தான் போன் எடுக்கும். போயிட்டு வா சாமின்னு போன்லயே சொல்லிப்போட்டாருங்க" என்றாள்.

"போன்ல சொன்னதை நான் ஃபைல்ல எங்கம்மா ஒட்டறது?"

"எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லட்டுங்களா?"

"அசல் வேணும்."

ஊருக்குத் திரும்புகிற லாரியில் கடிதம் கொடுத்தனுப்புவதாக அப்பா சொன்னார். லாரி எப்போது வரும் என்பது லாரிக்கே தெரியாது. அப்போது நான் ஒரு உதவி செய்தேன். உதவி என்றுதான் நினைத்தேன். "பாதுகாவலர்னு இருக்கே, உள்ளூர்ல பெரியப்பா இருந்தா அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு" என்றேன். அவள் முகம் போன போக்கை நான் அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை வந்து என் மேசை முன்னால் நின்றாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"பெரியப்பா கையெழுத்துப் போடறாராமுங்க. ஆனா மொதல்ல உப்புச்சக்கரை மாத்திக்கோணுமாமா. மாப்பளையும் அவரே பாத்து வெச்சிருக்காரு. ஊரு நாடு சுத்தீட்டு வந்தவளுக்கு அப்பறம் ஆரு மாப்பளை தேடறதுங்கறாரு." உப்புச்சர்க்கரை என்றால் எங்கள் பக்கத்தில் கல்யாண நிச்சயம்.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மா பெரியப்பா முன்னால வாயத் தொறக்க மாட்டாங்க." பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "மேடம், மாப்பளைப் பேச்சே இத்தன நாளா அவரு எடுக்காததுங்க. அந்த ஒரு காயிதம் மட்டும் இல்லீன்னா நான் ஆருகிட்டயும் போயி நிக்க வேண்டியதே இல்லீங்க."

என்ன திமிர் என்று தோன்றியது எனக்கு. விதி என்றால் விதி, நானா போட்டேன்? அவளை அனுப்பிவிட்டு, 'இனம் 11 வரப்பெறவில்லை. எனவே நிலுவையில் வைக்கலாம்' என்று குறிப்பெழுதிக் கோப்பை டீனுக்கு அனுப்பினேன். நிலுவை என்பது எங்கள் மொழியில் மென்மையான வார்த்தை. அவளுக்கு அது, ஒன்று போர்ச்சுக்கலை விடு, இல்லை வேண்டாத மாப்பிள்ளையைக் கட்டு என்கிற வார்த்தை.

பகல் பதினோரு மணிக்கு டீன் சார் கோப்போடு நடந்து வந்தார். என் மேசைக்கு எதிரே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினொன்றுக்கு நேராகப் பென்சில் கேள்விக்குறி.

"ஏனுங்க வசந்தாம்மா, இது எதுக்குங்க?"

"விதி சார்."

"எந்த விதிங்க?"

"ரொம்ப நாளா இருக்கு சார்."

"நாளாச்சுன்னு கேக்கலீங்க. ஆரு போட்டது, எதுல இருக்குது? பல்கலைக்கழகம் சொல்லுச்சா, அரசாணையா, நம்ம கல்லூரித் தீர்மானமா? எடுத்துக் காட்டுங்க, நானும் கட்டுப்படறேன்." அதட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் குரல் அது. அதுதான் என்னைத் தைத்தது.

எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன். அன்று பகல் முழுக்கப் பல்கலைக்கழகச் சுற்றறிக்கைகளைப் புரட்டினேன். இல்லை. அரசாணைத் தொகுப்பு, இல்லை. கல்லூரிக் குழுவின் தீர்மானப் புத்தகம், இல்லை. வியாழக்கிழமை காலை பழைய பதிவறையைத் திறக்கச் சொல்லி, தும்மிக்கொண்டே கட்டுகளை அவிழ்த்தேன். ஆண் மாணவர்களின் கோப்புகளில் இனம் பதினொன்றுக்கு நேராக 'பொருந்தாது' என்று வரிசையாக என் கையெழுத்து. கையை எடுக்காமல் எழுதியிருக்கிறேன். ஏன் பொருந்தாது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அந்தப் பட்டியலின் முதல் பிரதி கிடைத்தது. மஞ்சளேறிய தாள், கார்பன் நகல். தட்டச்சு செய்தவரின் இனிஷியலைத் தாளின் இடது மூலையில் சின்னதாக அடிப்பது அலுவலக வழக்கம். அந்த மூலையில் 'சி.வ.' என்று இருந்தது. சின்னசாமி மகள் வசந்தா. நான்.

அதற்கடியிலேயே, மாதிரிக்கு வைத்த இன்னொரு தாள். பெண்கள் விடுதியிலிருந்து வார இறுதியில் வீட்டுக்குப் போக நிரப்பித் தருகிற படிவம். பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. முதன்முதலாக ஓர் ஆய்வு மாணவர் வெளிநாடு போகக் கேட்டபோது, அப்போதிருந்த முதல்வர், "என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொண்டாம்மா" என்றார். எனக்கு இருபத்துச் சொச்சம் வயது, ஒன்றும் தெரியாது. கையில் அகப்பட்ட விடுதிப் படிவத்தைப் பார்த்து, ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று அதிலிருந்த தந்தை சம்மத வரியையும் சேர்த்து அடித்தேன். அவர் படிக்காமல் கையெழுத்திட்டார். அன்றிலிருந்து அது விதி. இருபத்தைந்து வருடமாக நானே போட்ட பூட்டுக்கு நானே காவல் நின்றிருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அதே கட்டில் ஜெயந்தி என்ற ஒரு பெண்ணின் கோப்பு இருந்தது. ஏற்புக் கடிதம், பரிந்துரை, பாஸ்போர்ட் நகல் எல்லாம் வரிசையாக. பதினொன்றுக்கு நேராக 'வரவில்லை' என்று என் எழுத்து. அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் ஒரு தாளும் இல்லை. அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்கு நினைவில்லை. பதிவறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை.

இரண்டு தாள்களையும் ஜெயந்தியின் கோப்பையும் எடுத்துக்கொண்டு டீன் சார் அறைக்குப் போனேன். "எந்த விதியிலும் இல்லைங்க சார். நான்தான் சேர்த்தேன்" என்றேன். இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நின்றேன். அவர் மூன்றையும் கடைசித் தாளிலிருந்து படித்தார். ஜெயந்தியின் கோப்பை மூடி வைத்தார். பிறகு எழுந்து, தன் பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

"நீங்க வெச்சது. நீங்களே எடுங்க."

பட்டியலில் பதினொன்றாம் வரியை அடித்தேன். பக்கத்தில், 'இந்த இனம் எந்த விதியின் கீழும் இல்லை. தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே அவர் கையெழுத்திட்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்துத் தன் கேள்விக்குறியை அழித்தார். பன்னிரண்டைப் பதினொன்றாக மாற்றிப் புதுப் பட்டியல் அடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாங்க. காலியாவே கெடக்கட்டும். பின்னால வாரவங்க ஆராவது ஏன்னு கேப்பாங்க. அப்பச் சொல்லுங்க."

முப்பத்தொரு வருடத்தில் எனக்கு மேலே இருந்தவர்கள் பலர். என் தவறைக் கண்டுபிடித்துத் திட்டியவர்கள் உண்டு, கண்டும் காணாமல் விட்டவர்கள் உண்டு. என் தவறை என் கையாலேயே திருத்த வைத்து, அதன் பிறகும் 'ங்க' போட்டுப் பேசியவர் அவர் ஒருவர்தான். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் குறையவில்லை.

அன்று மாலை நாலு மணிக்கு, வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் முன்னதாகவே, கோகிலாவைக் கூப்பிட்டு என்.ஓ.சி.யைக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பெரியப்பா கையெழுத்து?" என்றாள்.

"அவர் கையெழுத்து எதுக்கு? அவரா பேசப் போறாரு?" என்றேன். பிறகு இருந்த இடத்திலிருந்து எழுந்து, "தப்பு என்னோடது சாமி. மன்னிச்சுக்க" என்றேன். ஒரு ஆய்வு மாணவரிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் என் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "வாரேனுங்க மேடம்" என்று சேலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பெரியப்பாவிடம் அதன் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காத சம்மதத்துக்கு அவரால் நிபந்தனை போட முடியவில்லை.

விசா வந்தது. போனாள், பேசினாள். மேடையிலிருந்து இறங்கியதும் எனக்கு ஒரு வாட்ஸ்அப் குரல் அனுப்பினாள். "மேடம், மூணு பேரு கேள்வி கேட்டாங்க. ஒருத்தரு, இத்தன கிணத்துத் தகவல் எப்படிம்மா கெடச்சுதுன்னாரு. எங்கப்பா போட்ட கிணறுங்கன்னு சொன்னேனுங்க." அந்தக் குரலை நான் போன் மாற்றும்போதெல்லாம் மறக்காமல் புதுப் போனுக்கு ஏற்றிக்கொள்கிறேன்.

வைகாசித் தேரோட்டத்துக்கு ரிக் லாரிக்காரர்கள் எல்லோரும் ஊர் திரும்புவது வழக்கம். தேருக்கு முந்தின நாள், வெளுத்த சட்டையும் விரல் இடுக்கில் போகாத கிரீஸுமாக ஒருவர் பிரிவு வாசலில் தயங்கி நின்றார்.

"கோகிலா அப்பனுங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "நீங்க அசலு கேட்டீங்களாமா. எழுதி லாரில குடுத்துட்டேனுங்க. அது நாக்பூர்ல இஞ்சின் போயி நின்னுபோச்சு. நேத்துத்தான் டிரைவரு கொண்டாந்து குடுத்தான். லேட்டாயிப்போச்சுங்க, கோவிச்சுக்காதீங்க."

பிரித்துப் படித்தேன். கோடு போட்ட நோட்டுத் தாள், அழுத்தி எழுதிய பெரிய எழுத்துகள். 'மகள் கோகிலா மாநாட்டுக்குப் போக எனக்குச் சம்மதம். அவள் போகாமல் இருந்தால் அதற்கு மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை.' கீழே கையெழுத்து.

வாங்கி ஒரு முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்திருந்தால் அந்த மனிதர் நிம்மதியாகப் போயிருப்பார். என்னால் முடியவில்லை. அவரை உட்கார வைத்துச் சொன்னேன். "ஃபைல்ல இதுக்கு இடமில்லீங்க. இதை உங்ககிட்டக் கேட்டதே என் தப்பு. யாருகிட்டயும் கேட்டிருக்கக் கூடாது."

அவர் கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மறுபடி மடித்தார். "அப்ப உங்களுக்கு வேண்டாமுங்களா?"

"வேண்டாங்க."

"சரிங்க. எம்புள்ளைக்கே குடுத்துப்போடறேன். அவளுக்கு நான் எதுமே எழுதுனதில்லீங்க" என்று பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ரம்யா, இதுதான் கதை. நீ ஏன் என்று கேட்டாயே, அதற்காக உனக்கும் என் நன்றி. டீன் சார் சொன்ன ஆள் நீதான். சாஃப்ட்வேர்காரருக்குக் காலி இடம் ஆகாது என்றால் அந்த எண்ணையே எடுத்துவிடச் சொல், பன்னிரண்டு பதினொன்றாகட்டும். பதிவறையில் ஜெயந்தியின் கோப்பு இருக்கிறது. அதில் வீட்டு முகவரி எழுதியிருக்கும், அயோத்தியாப்பட்டணம் என்று ஞாபகம். அதைப் பார்த்து எனக்கு அனுப்பி வை. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.